தொட்டால்தான் புள்ளி

வாள்வீச்சு கிளப்பில் போய்ச் சேருங்கள் என்று மாணவத் தோழர்களிடம் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "அது பணக்காரங்க விளையாட்டாச்சே தோழர், நமக்கெதுக்கு?" என்கிறார்கள். கொஞ்சம் அரசியல் பழகியவர்களுக்குக் கோபமே வந்துவிடுகிறது. "மலக்குழியில ஆள் செத்துக்கிட்டிருக்கான். நீங்க வெள்ளை டிரஸ் போட்டு வாள் சுத்தச் சொல்றீங்களே?"

இவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியிலோ பக்கத்து விளையாட்டரங்கிலோ வாள்வீச்சு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர வேண்டும். பதக்கம் கிடைக்கிறதோ இல்லையோ, எதுவும் தெரியாத புதியவராக, இரவல் கவசம் மாட்டிக்கொண்டு அந்த வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் சிலருக்கு இடமில்லை என்று சொன்ன வரலாறு நீளமானது. அதைத் தெரிந்துகொண்டு போனால் நிற்பதற்குத் தெம்பு வரும்.

மானம் யாருக்கு உண்டு?

ஐரோப்பாவில் வாள் மேட்டுக்குடியின் சொத்தாக இருந்தது. ஒருவர் இன்னொருவரை அவமதித்தால், அவமதிக்கப்பட்டவர் வாளோடு வந்து நேருக்கு நேர் நின்று பதில் கேட்கலாம். அதற்கு ஒரே நிபந்தனை, இருவரும் மானம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். யாருக்கு மானம் உண்டு, யாருக்குக் கிடையாது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?

1896 மார்ச்சில் ஆஸ்திரியாவில் ஜெர்மானிய தேசியவாத மாணவர் சங்கங்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டன. வைத்ஹோஃபென் தீர்மானம் என்று அதற்குப் பெயர். யூதத் தாய்க்குப் பிறந்தவர் பிறப்பிலேயே மானம் அற்றவர். அழுக்கு எது, சுத்தம் எது என்று அவருக்குத் தெரியாது. அதனால் அவரை அவமதிக்கவே முடியாது. அவமதிக்க முடியாதவருக்கு வாளோடு வந்து பதில் கேட்கும் உரிமையும் கிடையாது. இதுதான் அதன் சாரம். பிறப்பு, அழுக்கு, சுத்தம், மானம். இந்த நான்கு சொற்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் யாரோ எழுதிக்கொடுத்தது போலவே இருக்கும்.

அந்தத் தீர்மானத்துக்கு முன்பே யூத மாணவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து வாள் பழகியிருந்தார்கள், நன்றாகவே பழகியிருந்தார்கள். அவர்கள் ஆபத்தான வாள்வீரர்களாகிவிட்டார்கள் என்பதை அந்தக் காலத்து வியன்னா எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் தன் இளமை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். நேரில் நின்றால் தோற்க வேண்டிவரும் என்கிற நிலையில்தான் நேரில் நிற்கும் உரிமையே உனக்கில்லை என்று தீர்மானம் வருகிறது. தகுதி, தகுதி என்று பேசுகிறவர்கள் நாம் தகுதியோடு வந்து நிற்கும்போது என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தீர்மானம் போட்ட பன்னிரண்டே ஆண்டுகளில், 1908 லண்டன் ஒலிம்பிக்கில், ஹங்கேரியைச் சேர்ந்த யூதரான யெனோ ஃபுக்ஸ் சேபர் வாள்வீச்சில் தனிநபர், குழு என இரண்டு தங்கம் வென்றார். 1912 ஸ்டாக்ஹோமில் மறுபடியும் அதே இரண்டு தங்கம்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இத்தனை கொடுமையை இத்தனை காலம் மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? நால்வருண முறை அடித்தட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் சேர்த்தே பறித்துவிட்டது, எதிர்ப்பதற்கான வழியையே அடைத்துவிட்டது என்பது அவர் சொல்லும் விளக்கம். சுபேதார் ராம்ஜியின் மகன் இதை எழுதுகிறார் என்பதை மறக்கக் கூடாது. ராணுவத்தில் இருந்த அப்பாவின் பிள்ளை அவர். 1890களில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்திய பிறகு அந்தச் சமூகத்துக்கு என்ன நேர்ந்தது என்று அவர் பார்த்திருக்கிறார். 1941இல் மகர் படைப்பிரிவு மீண்டும் உருவானதில் அவர் காட்டிய அக்கறைக்குக் காரணம் அதுதான்.

இன்றைக்கு நாம் வாள் எடுத்துப் போருக்குப் போகப்போவதில்லை. நமக்கு அரசியல் சட்டம் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்து நேரே நின்று, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து, "தயார்" என்று சொல்லும் பழக்கம் சட்டத்தில் எழுதியதால் மட்டும் உடம்புக்கு வந்துவிடாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

நியூயார்க்கின் சனிக்கிழமைகள்

வாள்வீச்சைப் பணக்காரர்களிடமிருந்து பொதுமக்களிடம் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் நியூயார்க்கில் இருக்கிறது. பீட்டர் வெஸ்ட்புரூக் 1952இல் பிறந்தவர். அப்பா கறுப்பினத்தவர், அமெரிக்கப் படைவீரர். அம்மா ஜப்பானியர். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, நெவார்க் நகரில் அரசு கட்டிக்கொடுத்த ஏழைகள் குடியிருப்பில் அம்மாதான் வளர்த்தார். மகன் தெருச்சண்டையில் சிக்கிவிடக் கூடாது என்று வாள்வீச்சு வகுப்புக்குப் போனால் 5 டாலர் தருவதாகச் சொல்லி அனுப்பினார். காசுக்காகப் போன பையன் தேசிய சாம்பியன் பட்டத்தை 13 முறை வென்றார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேபர் பிரிவில் வெண்கலம். வாள்வீச்சில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்.

இதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு தனிமனிதர் வென்ற கதை. நம் ஆட்களுக்கும் அப்படிப்பட்ட கதைகள் நிறைய உண்டு. ஒருவர் மேலே போவார், நாம் சுவரொட்டி ஒட்டுவோம், அவ்வளவுதான். வெஸ்ட்புரூக் அடுத்து செய்ததுதான் முக்கியம். 1991இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சனிக்கிழமை காலைகளில் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு வாள்வீச்சு வகுப்பு வைத்தார். எங்கே தெரியுமா? 1883இல் தொடங்கிய, அமெரிக்காவின் மிகப் பழைய வாள்வீச்சு கிளப்பில். எந்தக் கூடத்துக்குள் கறுப்பினப் பிள்ளைகளைப் பார்ப்பதே அரிதோ, அதே கூடத்துக்குள் அவர்களைக் கூட்டமாகக் கொண்டுபோனார். வாள்வீச்சோடு பாடங்களுக்கும் உதவி உண்டு, கட்டுரை எழுத வைப்பதும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை வரிசையிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். கீத் ஸ்மார்ட், சேபரில் உலகத் தரவரிசையின் முதலிடத்துக்கு வந்த முதல் அமெரிக்கர். டேரில் ஹோமர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் சேபர் வெள்ளி. லாரன் ஸ்க்ரக்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயில் தனிநபர் வெள்ளி, குழுப் போட்டியில் தங்கம். இப்திஹாஜ் முகமது, ஹிஜாப் அணிந்து அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய முதல் பெண், 2016இல் குழு வெண்கலம். உடம்பு முழுக்க மூடிய உடையில் பிள்ளைகள் பள்ளியில் வாள் வீசுவதை அவருடைய அம்மா பார்த்து, என் மகள் தன் நம்பிக்கையை விடாமல் ஆடக்கூடிய விளையாட்டு இது என்று முடிவு செய்தாராம்.

வெஸ்ட்புரூக் 2024 நவம்பரில் காலமானார். அவருடைய தன்வரலாற்று நூலின் தலைப்பே கோபத்தைக் கட்டி ஆள்வதைப் பற்றியது. கோபத்தை விட்டுவிடு என்று அவர் தன் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நமக்கு இது முக்கியம். "ஏன் இவ்வளவு கோபப்படுறீங்க?" என்று நம்மிடம் கேட்காதவர் யார்? கோபப்படக் காரணம் உள்ளவர்களிடம் கோபத்தை விடு என்று சொல்வது அநியாயம். அதை எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லிக்கொடுப்பது பயிற்சி.

முதல் மாதங்களில் என்ன நடக்கும்?

இப்போது நேரடி விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஒரு சிறிய கிளப்பில் வாரக் கடைசிகளில் பழகுகிறேன். ஒரு பள்ளிக் கூடத்தின் ஹால், நான்கு டியூப்லைட், தரையில் டேப் ஒட்டிப் போட்ட கோடுகள். சேருகிற எவருக்கும் முதல் சில வாரங்கள் கையில் வாளே வராது. காலடிதான். முழங்காலை மடக்கி நிற்கும் நிலை, முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, பிறகு பாய்ந்து காலை நீட்டுவது. அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கத்தும். பத்து வயதுக் குழந்தையும் ஐம்பது வயது வங்கி ஊழியரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரித் தடுமாறுவார்கள். புதியவராக இருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு முகக்கவசம் தருவார்கள். கிளப்பின் பொதுக் கவசம். உங்களுக்கு முன்னால் பலர் போட்டு வியர்த்தது. உள்ளே அந்த ஈரம் காயாமல் இருக்கும். அதை உங்கள் முகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் கழற்றிக் கொடுத்ததும் அடுத்தவர் மாட்டிக்கொள்வார். கையுறையும் அப்படித்தான், மேலங்கியும் அப்படித்தான். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முகக்கவசம் போடுவதற்கு முன்னால் அந்தப் பழைய கேள்வி அங்கேயும் வரத்தான் செய்யும். "எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு பெற்றோர் என்னிடமும் கேட்டார். பதிலை மறைக்காமல் சொன்னேன், நீங்களும் மறைக்காதீர்கள். கோடுகளுக்கு நடுவில் போய் நின்ற பிறகு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டம் தொடங்குமுன் வாளை உயர்த்தி எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். முடிந்ததும் எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்குவது மரபு. பல காலம் சர்வதேச விதிப்படியே அது கட்டாயமாக இருந்தது. 2023 மிலான் உலகப் போட்டியில் ரஷ்ய வீராங்கனைக்குக் கைகொடுக்க மறுத்ததற்காக உக்ரைனின் ஓல்ஹா கார்லான் வெளியேற்றப்பட்டார். போரில் நாட்டை இழந்துகொண்டிருப்பவரின் நியாயம் வேறு, அதன் பிறகு விதியையும் தளர்த்தினார்கள். ஆனால் உள்ளூர் கிளப்பில் தோற்றவர் வந்து கைகொடுத்தே ஆக வேண்டும். நம் கையைத் தொடாமல் காசைத் தூக்கிப் போடும் கடைக்காரரின் பிள்ளையாக இருந்தாலும் சரி.

தொடுவதுதான் இந்த விளையாட்டின் கணக்கே. குத்தினான், வெட்டினான் என்று புள்ளி எழுதுவதில்லை. பிரெஞ்சு மொழியில் 'தொட்டது' என்று பொருள்படும் சொல்லால்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். விளக்கும் மணியும் இல்லாத சாதாரணப் பயிற்சியில் நடுவரும் இருக்க மாட்டார். என்னைத் தொட்டுவிட்டாய் என்று தொடப்பட்டவரே கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். அதை மறைப்பவரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இங்கே பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்கிறேன். புனேவில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்து, இடதுகைச் சுழற்பந்தில் நாட்டின் தலைசிறந்தவர்களில் ஒருவரானவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அவர் தொட்ட பந்தைத்தான் அணியில் எல்லோரும் தொட்டார்கள். ஆனால் புனேயில் ஆடிய நாட்களில் தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில். பந்தைக் கைமாற்றும் விளையாட்டில் அந்தத் தூரத்தைக் காப்பாற்ற முடிந்தது. தொட்டால்தான் புள்ளி என்னும் விளையாட்டில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

வாள் மூன்று வகை. ஃபாயிலில் உடற்பகுதியை மட்டும், வாள்முனையால் தொட வேண்டும். சேபரில் இடுப்புக்கு மேலே தொடலாம், முனையாலும் தொடலாம், வாளின் பக்கத்தாலும் தொடலாம். எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பு முழுவதும் இலக்கு, முனை மட்டுமே ஆயுதம். ஃபாயிலும் சேபரும் 500 கிராமுக்குள், எப்பே 770 கிராமுக்குள். ஆடும் தளம் 14 மீட்டர் நீளம். தொடக்கச் சுற்றுகளில் 5 புள்ளி, அடுத்த சுற்றுகளில் 15 புள்ளி.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் கிளப்பில் எது இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். ஆனால் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாயிலிலும் சேபரிலும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால், யார் முதலில் தாக்குதலைத் தொடங்கினார் என்று நடுவர் முடிவு செய்து ஒருவருக்குப் புள்ளி தருவார். எப்பேயில் அந்தத் தீர்ப்பு இல்லை. யார் விளக்கு எரிந்ததோ அவருக்குப் புள்ளி. இரண்டும் எரிந்தால் இருவருக்கும் புள்ளி. எழுத்துத் தேர்வில் முன்னால் வந்து நேர்முகத் தேர்வில் பின்னால் தள்ளப்பட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். மின்விளக்கு வருவதற்கு முன் எல்லாமே மனிதக் கண்களின் தீர்ப்புதான். ஒலிம்பிக்கில் எப்பேக்கு 1936இலும் ஃபாயிலுக்கு 1956இலும் சேபருக்கு 1992இலும்தான் மின்கருவி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வெஸ்ட்புரூக் வெண்கலம் வென்ற 1984இல் சேபருக்கு மின்கருவி கிடையாது. மனிதர்கள் பார்த்துச் சொன்ன தீர்ப்பில்தான் அவர் வென்றார்.

மூங்கில் குச்சியும் வருமானச் சான்றும்

பணக்காரர் விளையாட்டு என்ற வாதத்துக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. கவசம், மேலங்கி, வாள் எல்லாம் சொந்தமாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பவானி தேவியின் கதை இதைத்தான் சொல்கிறது. பூசாரி ஒருவரின் மகள் அவர். 2004இல் பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட, மிச்சம் இருந்தது வாள்வீச்சு. அப்பாவின் ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டார்கள், செலவு அதிகம் என்பதால் ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் முடியாது என்றார்கள், வருமானத்தைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்தேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள். அம்மா நகையை அடகு வைத்தார். முதல் சர்வதேசப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கருப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள்.

அந்தப் பெண்தான் வாள்வீச்சில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் முதல் ஆட்டத்தில் 15-3 என்று வென்று, அடுத்ததில் பிரான்ஸ் வீராங்கனையிடம் தோற்றார். 2023 ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான்: வருமானம் கேட்கும் வாசல் அது. கோவில் பூசாரியின் மகளே வருமானத்தைக் கூட்டிச் சொல்லித்தான் அந்த வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது என்றால், கூலி வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை அந்த வாசல் வரைக்குமாவது போயிருக்குமா? போகாத பிள்ளையின் திறமை எந்தப் பட்டியலிலும் வராது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டரங்கின் உள்ளேயே கால் வைக்காதவர்கள் அந்த ஒதுக்கீட்டுக்கு எப்படிப் போட்டி போடுவார்கள்?

அதனால் "பணக்காரங்க விளையாட்டு" என்று ஒதுங்குவது அவர்களுக்கு நாமே கதவைச் சாத்திக் கொடுப்பது. ஆங்கிலக் கல்வியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கோட்டு சூட்டும்தான். அண்ணல் அதை ஒதுக்கவில்லை, போட்டுக்கொண்டார்.

மலக்குழியும் விளையாட்டும்

இப்போது கோபக்காரத் தோழருக்கு. மலக்குழி மரணங்களுக்கு எதிராகத் தெருவில் நிற்பதை விட்டுவிட்டு வாள் வீசப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று மணி நேரம் கேட்கிறேன். நம் இயக்கங்களில் முப்பது வயதுக்குள் சோர்ந்துபோகும் தோழர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூக்கமில்லை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை, உடம்பு ஒத்துழைப்பதில்லை, கோபம் கடைசியில் சக தோழர் மீதே திரும்புகிறது. போராடும் உடம்பையும் மனதையும் பேணுவது போராட்டத்தின் ஒரு பகுதி.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டு அற்பமான விஷயமாக இருந்தால் சாதிவெறியர்கள் அதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவரை இழுத்துப்போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்த ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒரு கபடி வெற்றியைக்கூடத் தாங்க முடியாதவர்களுக்கு, சமமான விதியோடு நடக்கும் ஆட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

"தலித் பையன் கையில வாளைப் பார்த்தா போலீஸ் சும்மா விடுமா?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான பயம். சாதிச் சங்க மேடையில் தலைவருக்கு வெள்ளி வாள் கொடுத்தால் அது மரியாதை. நம் பையன் கையில் கம்பு இருந்தால் அது வழக்கு. அதனால் முன்னெச்சரிக்கையாக இருங்கள். விளையாட்டு வாளுக்குக் கூர் கிடையாது, முனை மழுங்கியது. ஆனாலும் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே அதைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கிளப் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். வாளோடு படம் எடுத்து வசனம் எழுதிப் பதிவு போடும் ஆசையை அடக்குங்கள். நம் பிள்ளைகள் மீது வழக்குப் போடுவதற்குச் சாக்கு தேடுபவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸில் அடிமைப் பெண்ணின் மகனான ஷெவாலியே த சேன் ஜார்ஜ், தன்னை இழிவாகப் பேசிய வாள் ஆசானை ஊர் பார்க்கத் தோற்கடித்தார். அதே பிரான்ஸில் அவரை ஓபராவின் இயக்குநராக்கப் பேச்சு வந்தபோது, கலப்பினத்தவரின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று பாடகிகள் அரசிக்கு மனு எழுதினார்கள். ஹங்கேரிக்காக 1928இலும் 1932இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அட்டிலா பெட்ஷாவர், யூதர் என்பதால் கட்டாய உழைப்புப் படைக்கு அனுப்பப்பட்டு 1943இல் அங்கே கொல்லப்பட்டார். பதக்கம் யாரையும் காப்பாற்றாது. அமைப்பும் சட்டமும் மக்கள் திரளும்தான் காப்பாற்றும். அந்தத் திரளில் நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

செய்ய வேண்டியவை

தனியாகப் போகாதீர்கள். மூன்று, நான்கு பேராகப் போங்கள், அதில் பெண் தோழர்கள் இருக்கட்டும். தனியாகப் போகும் பிள்ளை முதல் அவமானத்திலேயே நின்றுவிடும். கூட ஆள் இருந்தால் அடுத்த வாரமும் போகும்.

எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. உங்கள் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையிலும் கேளுங்கள். வாய்மொழியாக இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். மனு எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். இரவல் கவசம் தருகிறார்களா, கட்டணச் சலுகை உண்டா, பெண்களுக்கு மார்புக்காப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். முகக்கவசத்தின் கழுத்துப் பகுதி கிழிந்திருந்தால், வலை அமுங்கியிருந்தால் போட மறுத்துவிடுங்கள். அதில் கூச்சப்பட வேண்டாம். உங்களுக்கென்று காசு சேர்த்து முதலில் வாங்க வேண்டியது கையுறை. நேரத்துக்குப் போங்கள். பவானி தேவிக்கு மூன்று நிமிடத்துக்கு என்ன நடந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பழகியவர்கள் திரும்பி வாருங்கள். ஓராண்டு பழகிய ஒருவர் தன் தெருப் பிள்ளைகளுக்குக் காலடி வரிசையைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு வாள் வேண்டாம், கவசம் வேண்டாம், சமமான தரை போதும். இரவுப் பாடசாலைகளிலும் அம்பேத்கர் படிப்பகங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். நியூயார்க்கில் சனிக்கிழமை காலை என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை.

கடைசியாக, இதைக் கோரிக்கையாக்குங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். அதோடு ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விளையாட்டுப் பயிற்சியும் பொது உபகரணமும் கேளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. அந்த நிதி நம்முடையது. இருபது முகக்கவசம், இருபது மேலங்கி, இருபது வாள் ஒரு மாவட்டத்துக்குப் பெரிய செலவில்லை. நம் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும் என்று நினைப்பவர்களிடம், அவள் ஆடவும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது சேர்ந்தால் எழுதுங்கள். முதல் வாரம் தொடை வலிக்கும். இரண்டாவது வாரமும் வலிக்கும். நிறுத்திவிடாதீர்கள்.

ஜெய் பீம்.